வயரா, வைஃபையா? வாசகர் கேள்வி – பதில்

இம்முறை எடுத்துக்கொண்ட கடிதங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றியவை: கொண்டாட்டங்களில் எடுக்கும் படத்தைக் கமராவில் இருந்து ரப்லெற்றுக்குக் கொண்டுவருவது.

*கேள்வி: என்னிடம் இருப்பது கெனன் 700டி. அதில் வைஃபை இல்லை. சாமத்தியவீடுகளில் எடுத்த படத்தை அங்கேயே பெரிதாகக் காட்ட ஓர் அண்ட்ரொயிட் ரப் வாங்கினேன். வயர் கொளுவினால் ரப்பில் ஒன்றும் வருகுதில்லை. கமராவில் பழுதா?*
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: கமராவைச் சந்தேகிக்க முதல் வயரைச் சந்தேகியுங்கள். 700டியின் பக்க மூடிக்குள் இருப்பது மினி-பி யூஎஸ்பி. இப்போதைய போன் வயர்கள் அதற்குப் பொருந்தா. கடையில் தேடி எடுத்துத் தரும் மினி-பி வயர் சில வேளை சார்ஜ் ஏற்ற மட்டும் செய்ததாக இருக்கும். அதற்குள் கறண்ட் போகும் இரண்டு கம்பி இருக்கும், படம் போகும் இரண்டு கம்பி இராது. வெளியில் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. கணினியில் கொளுவிப் பாருங்கள். கணினிக்கும் கமரா தெரியாவிட்டால் வேறு வயர் வாங்குங்கள்.

வயர் சரியென்றால் அடுத்தது ஓடிஜி, அதாவது ரப்பில் வேறு கருவிகளைக் கொளுவ விடும் வசதி. வழமையாகக் கணினிதான் யூஎஸ்பியில் முதலாளி, ரப் வேலையாள். இங்கே ரப் முதலாளியாக வேண்டும். அதற்கு ரப்பின் பக்கத்தில் ஓடிஜி அடப்ரர் கட்டாயம். சில மலிவு ரப்களில் அந்த வசதியே இல்லை. ஒரு கணினி மவுஸை அடப்ரரில் செருகுங்கள். திரையில் அம்புக்குறி வந்தால் ஓடிஜி வேலை செய்கிறது. சில கொம்பனி மாடல்களில் செற்றிங்கில் ஓடிஜியை நாமே போட வேண்டும். பத்து நிமிடம் சும்மா இருந்தால் அது தானாக அணைந்தும் விடும். "காலையில் வந்தது, பின்னேரம் வரவில்லை" என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாகி, கமராவையும் ஒன் செய்தால், ரப்பின் கோப்புச் செயலியில் கமரா ஒரு பெட்டியாகத் தெரியும். ஆனால் படம் எடுக்க எடுக்கத் திரையில் வரவேண்டும் என்றால் அது போதாது. ஹெலிக்கன் ரிமோட் போன்ற, கமராவுடன் நேரே கதைக்கும் செயலி வேண்டும்.

இன்னொன்று: மினி-பி துவாரம் கமராவின் உள்பலகையில் ஒட்டியிருக்கும் சின்னத் தகடுதான். மண்டபத்தில் ஒரு பிள்ளை வயரில் தடக்கினால் அதுவே பெயர்ந்து வரும். வயரை ஒரு வளையம் போட்டு, கமராப் பட்டி கொளுவும் கொக்கியில் கட்டிவிடுங்கள். இழுவை அந்தக் கொக்கியோடு நிற்கும். நீளம் 5 மீற்றரைத் தாண்டக்கூடாது. ஒரு மூலையில் ஸ்ராண்டில் நின்று குடும்பப் படம் எடுக்கத்தான் வயர் உகந்தது. மணவறையைச் சுற்றி ஓடி எடுப்பவருக்கு வேண்டாம்.

*கேள்வி: வீட்டில் கமராவின் வைஃபை ரப்போடு நன்றாக வேலை செய்கிறது. கலியாண மண்டபத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் அறுகிறது. ஏன்?*
– வாசகர், மாங்குளம்

பதில்: அறுந்தவுடன் ரப்பின் வைஃபை பெயரைப் பாருங்கள். அங்கே வேறு பெயர் இருந்தால், அல்லது மொபைல் டேட்டாவுக்கு மாறியிருந்தால், குற்றவாளி ரப்தான். கமரா தரும் வைஃபையில் இணையம் கிடையாது. அண்ட்ரொயிட் அதைக் கெட்ட இணைப்பு என்று நினைத்து விட்டு ஓடிவிடும். "இணையம் இல்லை, தொடரவா?" என்று கேட்கும்போது தொடரச் சொல்லி, டேட்டாவையும் நிறுத்திவிடுங்கள். ஐபாட் என்றால், பழகிய மற்ற வைஃபைகளில் தானாக இணைவதை நிறுத்துங்கள். கமராவின் செயலிக்கு 'உள்ளக வலையமைப்பு' அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் நாள் அவசரத்தில் "வேண்டாம்" என்று அழுத்தியிருந்தால் செயலி கமராவைக் கண்டே பிடிக்காது.

பெயர் சரியாக இருந்தும் படம் வரவில்லையா? அப்படியென்றால் நெரிசல். பல கமராக்கள் 2.4 ஜிகாஹேட்ஸில் மட்டும் ஓடும். மண்டபத்து றூட்டர், வந்தவர்களின் ஹொட்ஸ்பொட், புளூடூத் எல்லாம் அதே இடத்தில்தான் நெருக்கியடிக்கும். போதாததற்கு மனித உடம்பும் அந்த அலையை உறிஞ்சும். ரப்பை மேசையில் படுக்க வைக்காமல் தலைமட்டத்துக்கு மேல் நிறுத்தி, ஐந்தாறு மீற்றருக்குள் நில்லுங்கள். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனின் ஹொட்ஸ்பொட்டையும் அணையுங்கள். கமராவில் 5 ஜிகாஹேட்ஸ் இருந்தால், பவர் பாங்கில் ஓடும் சின்ன றூட்டர் ஒன்று வாங்கி இரண்டையும் அதில் இணைப்பது நல்ல முதலீடு. கமராவின் தானணைவு நேரத்தையும் கூட்டிவையுங்கள். வைஃபை ஓடும்போது பற்றரி கெதியாக இறங்கும், மேலதிகமாக இரண்டாவது வேண்டும்.

*கேள்வி: நிக்கோன் டி5600. நிக்கோனின் ஸ்னாப்பிரிட்ஜ் செயலி தானாக அனுப்பும் படம் 2 மெகாபிக்சல்தான். அதை வைத்து அங்கேயே 4×6 பிரின்ற் போட்டுக் கொடுக்கலாமா?*
– வாசகர், கிளிநொச்சி

பதில்: கொடுக்கலாம். 4×6 அங்குலத்துக்கு அங்குலம் ஒன்றுக்கு 300 புள்ளி என்று பார்த்தால் 1200×1800, அதாவது ஏறக்குறைய 2.2 மெகாபிக்சல். கொஞ்சக் குறைவு கண்ணுக்குத் தெரியாது. அல்பத்துக்கு மட்டும் அதைத் தொடவேண்டாம், கமராவின் மெமரி காட்டில் உள்ள மூலப்படத்தை எடுங்கள். கமராவை ரோ (பதப்படுத்தாத கோப்பு) மட்டும் எடுக்க விட்டிருந்தால் எதுவும் தானாக வராது. ரோவும் ஜேபெக்கும் சேர்த்து எடுக்கும்படி வையுங்கள்.

பிரின்ரரில்தான் உண்மையான கணக்கு இருக்கிறது. கெனன் செல்பி சிபி1500 பிரின்ரர் ஒரு படத்துக்கு 41 செக்கன் எடுக்கும். 100 படம் என்றால் ஒரு மணி எட்டு நிமிடம். தட்டில் 18 தாள்தான் கொள்ளும் என்பதால் அடிக்கடி நிரப்ப ஓர் ஆள் தேவை. 108 தாள் பொதியில் 36 படத்துக்கு ஒரு ரிப்பனாக மூன்று இருக்கும். தாள் மஞ்சள், சிவப்பு, நீலம், மேற்பூச்சு என நான்கு முறை பின்னுக்கும் முன்னுக்கும் போய்வரும். ஆகவே பிரின்ரரின் பின்பக்கம் சுவரோடு ஒட்டக்கூடாது. எங்கள் செம்மண் முற்றங்களில் பறக்கும் தூசி தாளில் ஒட்டினால் அந்த இடம் வெள்ளைப் பொட்டாக விழும். பந்தலுக்குள் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள்.

*கேள்வி: பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் ஐபாட் மங்கி, சார்ஜும் ஏறாமல் நின்றது.*
– வாசகர், மல்லாவி

பதில்: சூடு. அப்பிள் சொல்லும் எல்லை சுற்றுப்புற வெப்பம் 35 பாகை. மைதானத்து வெயிலில் கறுப்பு உறைக்குள் இருந்தால் அதை எப்போதோ தாண்டியிருக்கும். உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள், பவர் பாங்கையும் கழற்றுங்கள், சார்ஜ் ஏறுவதே சூடு. ஐஸ் பெட்டிக்குள் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோக்கும்.

*கேள்வி: கெனன் ஆர்6இல் இருந்து அண்ட்ரொயிட் ரப்புக்கு எஃப்டிபியில் (வலையமைப்பால் கோப்பு அனுப்பும் முறை) அனுப்பப் பார்த்தேன். ரப்பில் படத்தை வாங்கும் சேர்வர் செயலி ஓடுகிறது, கமரா இணையவில்லை.*
– வாசகர், வவுனியா

பதில்: போர்ட் இலக்கத்தைப் பாருங்கள், அது சேர்வருக்குள் நுழையும் வாசலின் இலக்கம். கமராவில் வழமையாக 21 இருக்கும். அண்ட்ரொயிட் சாதாரணச் செயலிகளை 1024க்குக் கீழ் உள்ள போர்ட்டைத் தொட விடாது. அதனால் சேர்வர் செயலி 2121 போன்ற ஒன்றில் ஓடும். அதே இலக்கத்தைக் கமராவிலும் போடுங்கள், பாஸிவ் முறையை ஒன் செய்யுங்கள். றூட்டரில் ரப்புக்கு நிலையான ஐபி (வலையமைப்பு முகவரி) கொடுத்தால் அடுத்த நாளும் மாறாது.

*கேள்வி: 64 ஜிபி காட்டை ரீடரில் போட்டால் ரப் "போமற் செய்யவா?" என்று கேட்கிறது.*
– வாசகர், துணுக்காய்

பதில்: செய்யாதீர்கள்! காட் பழுதில்லை. 64 ஜிபி முதல் காட்கள் எக்ஸ்ஃபாற் என்ற கோப்பு அடுக்கும் முறையில் வரும், சில ரப்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது. காட்டைக் கமராவிலேயே வைத்து வயரால் இணையுங்கள். அப்போது காட்டை வாசிப்பது கமரா, ரப்புக்குப் படம் மட்டும் வரும். ரீடர்தான் வேண்டுமென்றால் 32 ஜிபி காட்கள் பாவியுங்கள். ஏற்கனவே தவறி அழுத்தியிருந்தால் அந்தக் காட்டில் இனி ஒரு படமும் எடுக்காமல் கழற்றி, மீட்பு மென்பொருள் உள்ள கணினிக்குக் கொண்டுபோங்கள்.