கைக்கடியில் கேட்ட சத்தம்

அன்புள்ள டாக்டர்,

தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சேர்ந்த புதிதில் சிபிஆர் (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு) பயிற்சி முடித்து, அதற்கான சான்று கார்டும் வாங்கினேன். எட்டு மாதம் கழித்து, போன வாரம் நைட் டியூட்டியில் ஒரு பெரியவர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். நான்தான் அழுத்த ஆரம்பித்தேன். நாலைந்து அழுத்தத்திலேயே கைக்கடியில் ‘மளுக்’கென்றது. அதற்குப் பிறகு கை இறங்கவே இல்லை. அவர் போய்விட்டார். நான்தான் கொன்றுவிட்டேனா?

ஒரு வாசகி

அன்புள்ள சிஸ்டர்,

இல்லை. நீங்கள் கை வைக்கும்போதே அவர் இதயம் நின்றிருந்தது. எல்லாம் சரியாகச் செய்தாலும், மருத்துவமனைக்குள்ளேயேகூட, இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர் திரும்புவதில்லை. இதைப் பயிற்சியில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

வயதானவர்களுக்குச் சரியாக அழுத்தினாலே விலா முறியலாம். முறிந்த விலா பிறகு கூடிவிடும். சத்தம் கேட்டால் கை நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறதா என்று ஒரு பார்வை. உடனே தொடர வேண்டியதுதான். ஐந்து சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், ஆறைத் தாண்டக்கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஒவ்வொரு தடவையும் நெஞ்சை முழுசாக எழும்ப விட்டால்தான் இதயத்தில் ரத்தம் நிறையும்.

உங்கள் கை இளகியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நான் செய்தது அதைவிட மோசம். பயிற்சிப் பொம்மையைத் தரையில் போட்டு, மண்டியிட்டுப் பழகியவள் நான். வார்டில் கட்டிலோ இடுப்புயரம். எக்கி எக்கி அழுத்தினேன்; நன்றாக இறங்குகிறது என்று பெருமை வேறு. இறங்கியது மெத்தை! வார்டு ஆயாம்மா ஒருவர் முதுகுக்கடியில் பலகையைச் செருகி, என் காலடியில் ஸ்டூலைத் தள்ளினார். ஏறி நின்ற பிறகுதான் முழங்கை மடங்காமல் தோளின் எடை நெஞ்சில் இறங்கியது.

கார்டு இரண்டு வருஷத்துக்குச் செல்லும். கை சில மாதங்களிலேயே மறந்துவிடும். மாதம் ஒருமுறை பொம்மையைக் கேட்டு வாங்கி, கட்டிலில் போட்டு, இரண்டு நிமிடம் வாய்விட்டு எண்ணி அழுத்துங்கள். நிஜத்தில் அழுத்தும்போது இரண்டு நிமிடம் ஆனதும் ஆள் மாறுங்கள். களைத்த கை ஆழம் போகாது. அதில் வீம்பு வேண்டாம்.

இன்றைக்கு டியூட்டிக்குப் போனதும் உங்கள் வார்டில் அந்தப் பலகை எங்கே என்று தேடிப் பாருங்கள். எங்கள் வார்டில் அது பீரோவுக்குப் பின்னால் ஒட்டடையோடு கிடந்தது. ஆயாம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.