சுற்றுச்சூழல் பேரிடர்கள் பற்றிய விருப்பப் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் எடுக்கலாமா? பிற்காலத்தில் உதவுமா?

தாராளமாக எடுங்கள். மதிப்பெண், வேலை என்ற கணக்கில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் வடசென்னை எண்ணூர்க் குப்பத்துப் பெண். முதுகலையில் இதைப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் பாடத்திட்டத்தில் ஜப்பானில் பாதரசக் கழிவு நஞ்சான மினமாட்டா, அணு உலை வெடித்த செர்னோபில், போபால் எல்லாம் இருந்தன, எண்ணூர் இல்லை. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அதை வாளியால் அள்ளியவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். அவர் நகக்கண்ணில் ஏறிய கறுப்பைச் சித்தி மண்ணெண்ணெய்த் துணியால் நாள்கணக்கில் தேய்த்தார்.

என்னை உலுக்கியது போபால்தான். விஷவாயு கசிந்தது என்ற அளவில்தான் அதுவரை தெரியும். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் கொதித்தது. அதைக் குளிர்விக்கும் அமைப்பை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய், பழுதுபார்க்கவென்று கழற்றப்பட்டுக் கிடந்தது. யார், எதை, ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்க அந்த வகுப்பில்தான் கற்றேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எங்கள் கழிமுகத்தில் எண்ணெய் வந்தது. வலையும் படகும் நாசமாகி அழுதுகொண்டிருந்தபோதே, 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலுக்குள் கிடந்த குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. தெருவே கூச்சலிட்டு ஓடியது. அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும் என்பது வகுப்பில் படித்தது. துண்டுகளை நனைத்து ஆயாவுக்கும் தம்பிக்கும் மூக்கை மூடிக் கட்டினேன். கொடியில் கிடந்த புடவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, காற்றுக்குக் குறுக்காக அவர்களை அழைத்துப் போனேன். எங்கள் சந்தில் இன்னும் சில குடும்பங்கள் பின்னால் வந்தன. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

தொழிற்சாலையே வேண்டாம் என்கிறாள் என்று யாராவது கிளம்புவீர்கள். என் அண்ணன் மணலி ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளி; அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். பாதுகாப்புக் கருவியை ஓட வையுங்கள் என்பது தொழிலுக்கு எதிரான பேச்சு ஆகாது.



சேரும் முன் பாடம் நடத்தும் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். சொந்த ஊரில் நடந்ததை ஆய்வுக் கட்டுரையாக எழுத விடுவாரா என்று கேளுங்கள். எனக்கு அனுமதி கிடைக்கவில்லை, மினமாட்டாவைத்தான் எழுதினேன்.