இறுகிப்போன சுவிஸ் கத்தி: தேங்காய் எண்ணெயை நிறுத்துங்கள்

திருத்துறைப்பூண்டி நண்பருக்கு வணக்கம். வாழைத்தோப்பிலும் பம்புசெட்டிலும் புழங்கிய உங்கள் சுவிஸ் சாம்ப் கத்தி (பல கருவிகள் மடங்கியிருக்கும் பைக்கத்தி) திறக்க முடியாமல் இறுகிவிட்டது, தேங்காய் எண்ணெய் விட்ட பிறகு இன்னும் மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். கத்தி கெடவில்லை. குற்றவாளி அந்த எண்ணெய்தான். நாளடைவில் அது பிசுபிசுத்து, வாழைச் சாற்றையும் வயல் சேற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். 33 வேலைகளுக்கான கருவிகளை 91 மில்லிமீட்டர் நீளத்துக்குள் அடுக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் அழுக்கு போதும், எல்லாம் நின்றுவிடும்.

முதலில் பல்குத்தியையும் சாமணத்தையும் உருவி வையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கத்தியை முக்கி, நீருக்குள்ளேயே ஒவ்வொரு கருவியையும் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுங்கள். பழைய பல் பிரஷ்ஷால் மூட்டுகளைத் தேய்த்து அலசி, எல்லாவற்றையும் விரித்து நன்றாக உலர விடுங்கள். பிறகு மூட்டுக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். ஒரே சொட்டு! பழம் நறுக்கும் அலகில் பட்டால் துடைத்துவிடுங்கள்.

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி, வேதாரண்யம் பக்கம் ஒரு மழைக்காலம் முழுக்க ஈரத்தோடு மடக்கி வைத்து, அலகெல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு வாங்கியவன் நான். உப்புக்காற்று அந்தப் பெயரையெல்லாம் மதிப்பதில்லை.

வாழைத்தார் வெட்ட அரிவாளையே எடுங்கள். இந்தக் கத்தியின் பெரிய அலகுக்குப் பூட்டு கிடையாது. தப்பான பக்கம் அழுத்தினால் விரல்மேல் மடங்கும்.