மலையோட்டப் பயிற்சி: வாசகர் கேள்விகள்

கே: என்னிடம் பயிற்சி பெறும் 29 வயது இளைஞர் லடாக்கின் கர்துங் லா கணவாயைக் கடக்கும் 72 கி.மீ. ஓட்டத்துக்குத் தயாராகிறார். 220-இல் வயதைக் கழித்து அதில் 75 சதவீதம் எடுத்தால் இதயத் துடிப்பின் எல்லை நிமிடத்துக்கு 143 என்று வருகிறது. மெதுவாக ஓடினாலே அவருக்கு 155-ஐத் தாண்டுகிறது. என்ன செய்வது? (பயிற்சியாளர், சென்னை)

ப: அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரே வயதுக்காரர்கள் இருவரின் உச்சத் துடிப்பில் 20 வரைகூட வித்தியாசம் இருக்கும். நெடுநேரம் தாங்கக்கூடிய துடிப்பின் எல்லையை அவரவர் உடம்பில்தான் அளக்க வேண்டும்.

துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை கட்டிக்கொள்ளட்டும்; மணிக்கட்டுக் கடிகாரம் இதற்குப் போதாது. ஏ.சி. அறையில் டிரெட்மில். 15 நிமிடம் உடலைச் சூடேற்றியபின், முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஒரு மணி நேரம். வேகத்தை மாற்றவே கூடாது. முதல் அரை மணியின் சராசரித் துடிப்பையும் அடுத்த அரை மணியின் சராசரியையும் ஒப்பிடுங்கள். 140, 146 என்று வந்தால் ஏற்றம் 4.3 சதவீதம், 5-க்குள் இருப்பதால் 140 அவருக்குத் தாங்கும். 150-க்குப் போயிருந்தால் 7 சதவீதம், 140 அவருக்கு அதிகம். சில நாள் கழித்து, 5 துடிப்பு குறைவாகத் தொடங்கி மறுபடி பாருங்கள். இதைச் சென்னை வெயிலில் செய்தால் பயனில்லை. வியர்வையால் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும். ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தமும் குறைவதால் இதயம் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டும். நீங்கள் அளப்பது வெயிலைத்தான்.

எல்லை தெரிந்தபின் வாராந்திர ஓட்டத்தில் பெரும்பகுதி அதற்குள்தான். நடந்தால்தான் துடிப்பு அடங்குகிறதென்றால் நடக்கட்டும். பையன்களுக்கு ரோஷம் வரும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கே: எங்கள் ஊரில் மேடே இல்லை. ஏற்ற இறக்கத்துக்கு எங்கே போவது? (தஞ்சாவூர்)

ப: கோயில் மலைப் படிகளில் செருப்புக்கும் ஷூவுக்கும் அனுமதி இருக்காது. அடுக்குமாடிப் படிக்கட்டே போதும், காவலாளியிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். மாடிக்கு 3 மீட்டர் என்றால் 10 மாடி 30 மீட்டர். 20 முறை ஏறினால் 600. முதுகுப்பையில் உடல் எடையில் 10 சதவீதம்: 65 கிலோ ஆளுக்கு ஆறரை லிட்டர் தண்ணீர். மூச்சு வாங்குவதற்கு முன் தொடை எரிய வேண்டும். மூச்சுதான் முதலில் முட்டுகிறதென்றால் வேகம் அதிகம். சுமையோடு இறங்க வேண்டாம், லிஃப்டில் வாருங்கள், முழங்கால் மிஞ்சும். வாரம் ஒரு முறை, எட்டு வாரம்.

இறக்கப் பயிற்சி தனி நாளில், சுமையில்லாமல். பலர் விட்டுவிடுவது இதைத்தான். கர்துங் லாவில் கணவாய்க்குப் பிறகு, ஓட்டம் முடியும் லே நகரம் வரை ஏறக்குறைய 1,800 மீட்டர் இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் நார்கள் சேதமாகி, இரண்டாம் நாள் வலி உச்சத்துக்குப் போகும். அதே வேலையை அடுத்த முறை செய்தால் வலி பாதிகூட இருக்காது. அந்தப் பாதுகாப்பு சில வாரம் நிற்கும். ஆகவே 100 மீட்டர் இறக்கத்தில் தொடங்கிக் கூட்டுங்கள். கடைசிக் கடுமையான இறக்கம் போட்டிக்கு 10 நாள் முன்பே முடியட்டும். சிறு எட்டு, வேகமான கால். பின்னால் சாய்ந்து குதிகாலால் பிரேக் போட்டால் தொடை சீக்கிரமே போய்விடும்.

கே: லேவுக்கு எத்தனை நாள் முன்பு போக வேண்டும்? (கோவை)

ப: இரண்டு வாரமாவது. லே 3,500 மீட்டர், கணவாய் 5,300-க்கும் மேல். விமானத்தில் இறங்கினால் முதல் இரண்டு நாள் ஓட்டமே கூடாது. பிறகு துடிப்பைப் பார்த்து ஓடுங்கள், கி.மீ. வேகத்தை மறந்துவிடுங்கள். தலைவலி, வாந்தி இருந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே கீழே இறக்கி மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.