அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எஃப்-1 (வெளிநாட்டு மாணவர் விசா) மாணவர்களை வளாக வேலைக்கு எப்படி எடுக்கிறார்கள்? ‘வொர்க்-ஸ்டடி’ வேலைக்கு அவர்கள் விண்ணப்பிக்கலாமா?

வொர்க்-ஸ்டடிக்கு விண்ணப்பிப்பதில் பயனில்லை. 1964ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் தோன்றிய, மாணவர் படித்துக்கொண்டே வேலை செய்ய உதவும் இந்தத் திட்டத்தில் ஊதியத்தின் பெரும்பகுதியை, வழக்கமாக 75 விழுக்காடு வரை, அமெரிக்கக் கூட்டரசே (மத்திய அரசே) ஏற்கிறது. அந்த உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகள் முதலான சிலருக்கும் மட்டுமே உரியது. எனவே எஃப்-1 மாணவர் உணவுக்கூடம், நூலகம், கணினி உதவி மையம் போன்ற இடங்களில், பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியிலிருந்து ஊதியம் தரும் பணிகளைத்தான் தேட வேண்டும். செலவு குறையும் என்பதால் சில துறைகள் வொர்க்-ஸ்டடி மாணவரையே முதலில் நாடுகின்றன. அதைத் தன் தகுதிக்குறைவாக எவரும் எண்ண வேண்டியதில்லை.

வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே உச்சவரம்பு. இரண்டு துறைகளில் வேலை செய்தாலும் மணிக்கணக்கு ஒன்றாகவே கூட்டப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோடை விடுமுறையில் முழுநேரமும் உழைக்கலாம்.

வேலை உறுதியான பிறகுதான் ஊதியமும் வரியும் பதிவாகும் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்க முடியும். அதற்கு வேலை தரும் துறையின் கடிதமும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் கடிதமும் தேவை. வேலை செய்யும் தகுதியை உறுதிப்படுத்தும் ஐ-9 படிவத்தில் மாணவர் தன் பகுதியைப் பணியில் சேரும் நாளுக்குள் நிரப்ப, பல்கலைக்கழகம் அதிலிருந்து மூன்று வேலைநாட்களுக்குள் கடவுச்சீட்டு, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), ஐ-20 (கல்வி நிறுவனம் தரும் மாணவர் தகுதிச் சான்று) ஆகியவற்றைச் சரிபார்த்து ஒப்பமிடும். வரிக் கணக்கில் வதிவாளராக (அமெரிக்காவில் வசிப்பவராக) மாணவர் கருதப்படாதவரை சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் (முதியோருக்கான மருத்துவக் காப்பீடு) வரியும் பிடிக்கப்படக் கூடாது. முதல் ஊதியச் சீட்டிலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.