சீஸ் வகைகளைச் சுவைத்துப் பழக எங்கிருந்து தொடங்கலாம்?

ஊரில் க்யூபும் ஸ்லைஸும் மட்டுமே சாப்பிட்டிருக்கிறேன், நெதர்லாந்து வந்ததும் சீஸ் கடையைப் பார்த்துத் தலை சுற்றுகிறது, எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், கௌடா என்ற டச்சு சீஸ் ஒன்று போதும். அதையே வயதுவாரியாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

ஊர் க்யூப் பெரும்பாலும் ப்ராசஸ்டு சீஸ். தயாரான சீஸை உருக்கி, சில உப்புகள் சேர்த்து அச்சில் வார்ப்பது. அந்தச் சூட்டில் முதிர்ச்சி நின்றுபோகும். அதனால்தான் எப்போது பிரித்தாலும் ஒரே ருசி.

கௌடா வாரத்துக்கு வாரம் மாறும். உறைந்த பாலை வெட்டியதும், பிரிந்த தண்ணீரில் ஒரு பகுதியை வடித்துவிட்டு வெந்நீர் ஊற்றுவார்கள். பாலில் உள்ள சர்க்கரை கொஞ்சம் கழுவிப் போகும், புளிப்பு ஏறாது. கௌடாவில் தெரியும் லேசான இனிப்பு இப்படி வருவதுதான்.

கடையில் 'யோங்' என்று எழுதியிருந்தால் சுமார் 4 வார வயது: மெத்தென்று, பால் வாசனையோடு இருக்கும், சாதுவான சரக்கு. 'பெலேஹன்' ஏறத்தாழ 4 மாதம். 'அவுட்' என்றால் 10 மாதத்துக்கு மேல். 'ஓவர்யாரிஹ்' ஒன்றரை வருடம் தாண்டியது. கத்தி வைத்தால் உதிரும், நாக்கில் காய்ச்சிய சர்க்கரைப் பாகு போலத் தொடங்கி உப்பில் முடியும். நடுவே நறுக்கென்று கடிபடும் வெள்ளைப் புள்ளிகளை உப்புக்கல் என்று நினைக்காதீர்கள். புரதம் சிதைந்து உருவாகும் டைரோசின் படிகங்கள் அவை. எனக்கு அதற்காகவே இந்த வயது பிடிக்கும். யோங்கை ரொட்டிக்கு நடுவே வைக்கலாம், அவ்வளவுதான்.

அல்க்மாரில் கோடைக்கால வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் சீஸ் சந்தைக்குப் போகச் சொல்வார்கள். போய் வாருங்கள், ஆனால் இப்போது அது வேடிக்கை பார்க்கத்தான். ருசி பார்க்கத் தெருமுனைக் கடையே மேல். "மாஹ் இக் ப்ரூவன்?" (ருசி பார்க்கலாமா?) என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு சீவல் வெட்டித் தருவார்கள். இளசிலிருந்து முற்றியதற்குப் போங்கள். திருப்பிப் போனால் இளசு சப்பென்று இருக்கும். வாங்கிவந்ததை ஃப்ரிட்ஜிலிருந்து அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள், குளிரில் மணமே தெரியாது. கடுகு சாஸ் தொட்டுத் தின்பது இங்கே வழக்கம், ருசி பழகும்வரை வேண்டாம்.

லேபிளில் '48+' என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். தண்ணீர் நீங்கலாக உள்ள பங்கில் 48 சதவீதமாவது கொழுப்பு என்று கணக்கு. மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குள்தான் வரும்.

நீங்கள் சைவமா என்று தெரியவில்லை. பால் உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். 'மிக்ரோபியேல் ஸ்ட்ரெம்சல்' என்று போட்டிருந்தால் அது நுண்ணுயிரிலிருந்து வந்தது, தாராளமாக வாங்கலாம். இரண்டாம் சுற்றில் சீரகம் போட்ட லைடன் சீஸையும், ஃப்ரீஸ்லாந்துப் பக்கத்துக் கிராம்பு சீஸையும் கேட்டு வாங்குங்கள். சீரகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிராம்பு எனக்கு ஒத்துவரவில்லை.