வெட்டுன சம்பளம் திரும்ப வந்துச்சா?

கேள்வி: அயர்லாந்துல 2009-ல கவர்ன்மென்ட் ஸ்டாஃப் சம்பளத்துலயும் பென்ஷன்லயும் கை வெச்சாங்களே, அப்புறம் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு ஒரு நண்பர் சொல்றார். புடிச்ச காசு மொத்தமும் அரியர்ஸா வந்துச்சா சார்?

பதில்: இல்லைங்க. உங்க நண்பர் சொல்றது பாதி சரி. வெட்டுன சம்பளத்த பழைய அளவுக்குக் கொண்டு வந்தாங்க, ஆனா நடுவுல போன காசு போனதுதான்.

2008-ல பேங்குங்க கவுந்துச்சு, அரசாங்கம் அதுங்க கடனுக்கு கேரண்டி குடுத்து மாட்டிக்கிச்சு, உடனே கை வெச்சது ஸ்டாஃப் சம்பளத்துல. 2009-ல நிதி நெருக்கடின்னு எமர்ஜென்சி சட்டம் போட்டு மார்ச்லேருந்து பென்ஷன் பேரைச் சொல்லி சம்பளத்துலேருந்து ஒரு பிடித்தம், அதுவும் பத்தலன்னு 2010 ஜனவரிலேருந்து சம்பளத்துலயே வெட்டு. முதல் 30,000 யூரோவுக்கு 5 சதவீதம், அடுத்த 40,000-க்கு 7.5, அதுக்கு அடுத்த 55,000-க்கு 10. வருஷம் 40,000 வாங்குனவர்னா 2,250 யூரோ காலி. 2011-ல ஏற்கனவே ரிட்டயர் ஆனவங்களையும் விடல, வருஷ பென்ஷன் 12,000-க்கு மேல இருந்தா அதுலயும் வெட்டு. அதே வருஷம் புதுசா சேர்ந்தவங்களுக்கு ஆரம்பச் சம்பளமே 10 சதவீதம் கம்மி. 2013-ல 65,000-க்கு மேல வாங்கறவங்களுக்கு இன்னொரு ரவுண்டு வேற.

திருப்பிக் குடுக்க யூனியன்களோட ஒப்பந்தம் போட்டது 2015-ல. அதுலேருந்து கொஞ்சம் கொஞ்சமா, கீழ இருக்கறவங்களுக்கு முதல்ல, பெரிய சம்பளக்காரங்களுக்கு கடைசியா 2022 வரைக்கும் இழுத்துச்சு. ஒவ்வொரு தவணையும் அந்தத் தேதியிலேருந்துதான் கணக்கு, பின்னாடி போய் சேர்த்துக் குடுக்கற பேச்சே கிடையாது. அதுக்குள்ள டப்ளின்ல வீட்டு வாடகை எங்கயோ போயிருச்சு, பழைய சம்பளத்த கையில வாங்குனவங்களுக்கு அது பழைய சம்பளமாவா இருந்திருக்கும்?

இன்னொண்ணு. 2009-ல சம்பளத்துல ஆரம்பிச்ச அந்த பென்ஷன் பிடித்தம் 2019 ஜனவரியில ஒழிஞ்சுச்சுன்னு சொன்னாங்க, ஆனா ஒழியல, பேர மாத்திட்டு நிரந்தரமாவே உக்காந்துருச்சு. சுமை முன்னைய விட கம்மிதான், அத ஒத்துக்கறேன். அதுக்காக அதையும் "திருப்பிக் குடுத்தோம்" கணக்குல சேர்த்தா எப்படி? 2013-லேருந்து சேர்ந்தவங்களுக்கு பென்ஷன் கடைசி சம்பளத்த வெச்சு இல்ல, சர்வீஸ் முழுக்க வாங்குன சம்பளத்த வெச்சுதான். அத யாரும் பழைய மாதிரி மாத்தவே இல்ல.

கேள்வி: அப்போ எங்கயுமே அரியர்ஸோட குடுத்ததே இல்லையா?

பதில்: லாட்வியாவுல குடுத்தாங்க. 2009-ல பென்ஷன்ல 10 சதவீதம் வெட்டு, வேலையும் பாக்கற பென்ஷன்காரங்களுக்கு 70 சதவீதம். அந்த டிசம்பர்லயே அரசியல் சாசன கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லி, புடிச்சதையும் திருப்பிக் குடுக்கச் சொல்லிருச்சு. நாட்டுக்குக் கடன் குடுத்தவங்க வெட்டச் சொன்னாங்கங்கற சாக்கெல்லாம் எடுபடல. போர்ச்சுக்கல் கூத்துதான் தனி, 2012-ல ஸ்டாஃபுக்கும் பென்ஷன்காரங்களுக்கும் 13, 14-வது மாச சம்பளம்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ எக்ஸ்ட்ராவா குடுக்கறத நிறுத்துனது தப்புன்னு அங்க கோர்ட் தீர்ப்பு குடுத்துட்டு, வருஷம் பாதி ஓடிருச்சு, அதனால இந்த வருஷத்துக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுருச்சு.